காசல்ரீயில் வெள்ளைப் பறவை: கடற்காகம் மலையில் முட்டையிடுமா?

வாசகர் கேள்வி, 2023 நவம்பர் 11

"டிக்கோயாவிலேருந்து நோர்வூட் போற வழியில, காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணிக்கு மேல ஏழெட்டு வெள்ளைப் பறவை சுத்திக்கிட்டு இருந்துச்சு. கொக்கு இல்ல, கொக்கு எனக்குத் தெரியும். எங்க சித்தப்பா பார்த்துட்டு கடற்காகம்னு சொல்றார். கடல்ல காத்து மோசமானா மேல ஏறி வந்து இங்கேயே கூடு கட்டி முட்டையிட்டுட்டுப் போகுமாம். உண்மையா, இல்ல சித்தப்பா வழக்கம்போல விடுறாரா?"

2023 நவம்பர் 11, இரவு 9.40

சித்தப்பா விடுகிறார். இலங்கையில் எந்தக் கடற்காகமும் முட்டையிடுவதில்லை. மலையில் மட்டுமல்ல, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும்கூட இல்லை. அக்டோபர், நவம்பரில் வரும், ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போகிற மகளைப் போல, முட்டைக்கு மட்டும் சொந்த ஊருக்குப் போய்விடும்.

காலையில் கடை திறக்க வேண்டும். இதோடு முடித்துக்கொள்கிறேன்.

2023 நவம்பர் 12, காலை 5.15

முடியவில்லை. படுத்த பிறகுதான் உறைத்தது: சொந்த ஊர் என்று எழுதினேனே தவிர அது எந்த ஊர் என்று சொல்லவேயில்லை.

நம்ம கரையோரத்தில் குளிர்காலம் முழுக்கக் கூட்டம் கூட்டமாகத் திரிவது பழுப்புத்தலைக் கடற்காகம். அது முட்டையிடுவது கடற்கரையில் அல்ல. தஜிகிஸ்தானில் தொடங்கித் திபெத் வழியாக உள் மங்கோலியா வரைக்கும் போகிற மேட்டுநில ஏரிகளில், நாணல் சதுப்பிலும் ஏரி நடுவே உள்ள திட்டுகளிலும். லடாக்கில் சோ மோரிரி என்று ஓர் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேலே. சீனாவின் சிங்ஹாய் ஏரி ஏறக்குறைய 3,200 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர், பீதுருதாலகாலை உச்சி 2,524 மீட்டர். பீதுருதாலகாலையின் தலையில் நுவரெலியாவைத் தூக்கி வைத்தால் 4,392 வரும். அப்போதும் சோ மோரிரியை எட்டாது.

ஆகவே சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கடற்காகம் மலையில்தான் முட்டையிடுகிறது, இந்த மலையில் இல்லை, அவ்வளவுதான். பாதி மார்க் போடலாம்.

2023 நவம்பர் 12, மதியம்

"ஏரியில பொறக்குறதுக்கு எதுக்குக் கடற்காகம்னு பேரு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் வைத்தவன் கரையில் நின்று பார்த்திருக்கிறான். கொழும்புக்கு வேலைக்குப் போன பையன் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வந்தால் அவனுக்குக் 'கொழும்பான்' என்று பெயர் விழுகிறதில்லையா, அந்த மாதிரி. அவன் பிறந்த லயத்துக் காம்பராவை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையை, யாரும் பெயரில் சேர்ப்பதில்லை.

2023 நவம்பர் 19

இன்று ஞாயிறு. கடையை மச்சானிடம் விட்டுவிட்டு காசல்ரீக்குப் போனேன். முதலில் திருத்தம்: பறவையைப் பார்க்காமலேயே பதில் எழுதிவிட்டேன். அது கடற்காகமே இல்லை.

காலை ஏழரை வரைக்கும் மூடுபனி, தண்ணீர் எது கரை எது என்றே தெரியவில்லை. எட்டு மணிக்குத் திரை விலகினாற்போல் வெளுத்தது. பதினொரு பறவை எண்ணினேன். உடம்பு சாம்பல் கலந்த வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் மை தீற்றினாற்போல ஒரு கறுப்பு, அலகும் கறுப்பு. காற்றை எதிர்த்து மெதுவாக வரும், திடீரென்று இறங்கும், தண்ணீர் மேலிருந்து எதையோ கிள்ளிக்கொண்டு நனையாமல் மேலே போகும். ஒன்றுகூடத் தண்ணீரில் உட்காரவில்லை. மீசை ஆலா, கடற்காகத்துக்குச் சொந்தக்காரப் பறவை. இதுவும் குளிர்கால விருந்தாளிதான், தாழ்நாட்டுக் குளங்களில் ஏராளம். இவ்வளவு மேலே நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

அடையாளம் ஒன்று சொல்கிறேன், சித்தப்பாவுக்கும் உதவும். வாத்துபோல் தண்ணீரில் சாவகாசமாக மிதந்தால் கடற்காகம். மிதக்காமல் தொட்டுத் தொட்டுப் பறந்தால் ஆலா. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை இது போதும்.

சின்ன வயதில் எதையாவது கேட்டுப் பிடுங்கினால் அம்மா "ஏன்டா ஆலாப் பறக்குற" என்பார். அந்தச் சொல் இந்தப் பறவையிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரம் கரையில் நின்று பாருங்கள், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

2023 நவம்பர் 26

"கடற்காகக் கூட்டை நேரில் பார்த்த மாதிரி எழுதுறீங்களே" என்று பொகவந்தலாவை நண்பர் குத்தியிருக்கிறார். பார்த்திருக்கிறேன். பழுப்புத்தலையுடையதை அல்ல, ஹெரிங் கடற்காகத்துடையதை. எண்பது நாளுக்கு மேல், கைக்கெட்டும் தூரத்தில்.

2011இல் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சின்ன ஊர். படிக்கப் போனவன், பாத்திரம் கழுவினேன். அந்தக் கதை வேண்டாம். சமையலறைக்கு மேலே எனக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் தார் பூசிய தட்டைக் கூரை. ஏப்ரலில் அந்தக் கூரைக்கு ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. கோழியைவிட நீளமான உடம்பு, சாம்பல் முதுகு, மஞ்சள் அலகு, கீழ் அலகின் முனையருகே ஒரு சிவப்புப் பொட்டு.

முதலில் நடந்தது எனக்குப் புரியவில்லை. பெண் பறவை உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஆணின் முன்னால் தலையை மேலே மேலே எறிந்து, குஞ்சு மாதிரிக் கெஞ்சும். ஆண் கொஞ்ச நேரம் காது கேளாதவன் மாதிரி நிற்கும். பிறகு கழுத்தை நீட்டி, குலுங்கி, தின்றதைக் கக்கும். பெண் அதைத் தின்னும். ஒருநாள் கக்கியதில் நாங்கள் குப்பையில் போட்ட உருளைக்கிழங்குச் சிப்ஸ் முழுசாக வந்தது. கல்யாணச் சாப்பாடு எங்கள் சமையலறையிலிருந்துதான் போயிருக்கிறது. இதை வெறும் கொஞ்சல் என்று நினைத்தேன். அப்படியில்லை. முட்டை உருவாகிற நாட்களில் பெண்ணின் தீனிக்கு ஆணும் கை கொடுக்க வேண்டும். ஆண் எவ்வளவு ஊட்டுகிறது என்பது முட்டையின் அளவையும் பாதிக்கலாம்.

கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்த புல், கூரைத் தண்ணீர்ப் பீலியில் வளர்ந்த பாசி, நைலோன் கயிற்றுத் துண்டு, கொடியில் காணாமல் போன என்னுடைய பாத்திரத் துணி. நடுவில் நெஞ்சால் அழுத்தி அழுத்தி ஒரு குழி. மே மாதம் முதல் வாரத்தில் ஒரு முட்டை, ஒருநாள் விட்டு இன்னொன்று, பிறகு மூன்றாவது. பாசிபிடித்த பச்சையும் பழுப்பும் கலந்த நிறம், மேலே மைத்துளி தெறித்த மாதிரிப் புள்ளிகள். நீளம் ஏறக்குறைய 7 சென்ரிமீட்டர். கோழி முட்டைக்கு ஒன்றரைப் பங்கு இருக்கும். மூன்றாவது மட்டும் கொஞ்சம் சின்னது, அதை நான் ஜன்னலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன்.

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மாறுகிற நேரம் எழுந்து நின்று வயிற்று இறகைச் சிலிர்க்கும்போது கவனித்தேன்: வயிற்றில் இறகில்லாத மூன்று தனித்தனி இடங்கள். மூன்று முட்டைக்கு மூன்று. கோழிக்கு இப்படிக் கணக்கு வைத்த இடமெல்லாம் கிடையாது.

28இலிருந்து 30 நாள் என்று பிறகு படித்தேன். என் கூரையில் 29 நாள். பொரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல் விழுந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம்கூட வந்தது. ஜன்னலில் காதை வைத்துக் கேட்டேன், கீழே முதலாளி கத்திக்கொண்டிருந்தார், போகவில்லை.

2023 நவம்பர் 27

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன், மின்சாரம் போய்விட்டது.

குஞ்சைப் பற்றி. எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். தேயிலைச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தால் அந்தச் செடியில் கை வைக்க மாட்டார், பக்கத்து நிரைக்காரர்களுக்கும் சொல்லிவிடுவார். அன்றைக்கு நிறை குறைந்தாலும் பரவாயில்லை. அப்படி அவர் என்னைத் தூக்கிக் காட்டிய குருவிக்குஞ்சு, பிறந்த மேனி, கண் திறக்காதது, வயிறு கண்ணாடி மாதிரி. குஞ்சு என்றால் எனக்கு அதுதான். கடற்காகக் குஞ்சு பொரிந்து ஈரம் காய்ந்ததும் பஞ்சுருண்டை. கண் திறந்திருக்கும், மங்கிய சாம்பலில் தலையெல்லாம் கறுப்புப் புள்ளி. இரண்டாம் நாளே கூட்டைவிட்டு நடந்து புகைபோக்கி நிழலில் போய் ஒளிகிறது. ஆனால் தீனி மட்டும் தாயும் தகப்பனும்தான் கொண்டுவர வேண்டும். கோழிக்குஞ்சும் இல்லை, குருவிக்குஞ்சும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு பிறவி. பெரியது ஒரு விதமாகக் கத்தினால் போதும், குஞ்சு அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்ளும். தார்க்கூரையில் அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போகும்.

மூன்றாவது குஞ்சு ஒருநாள் பிந்திப் பொரிந்தது. மற்ற இரண்டும் அதற்குள் கழுத்தை நீட்டிப் பழகிவிட்டன. தீனி வரும்போது இது எட்டவில்லை. நாலாம் நாள் காலையில் பீலியோரம் கிடந்தது.

பிறகு அந்தத் துடைப்பக் கதை. சாப்பிட வந்தவர்கள் சத்தம் என்று முறையிட, முதலாளி என் கையில் துடைப்பத்தைக் கொடுத்து "எல்லாவற்றையும் தள்ளிவிடு" என்றார். அந்த நாட்டில் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிய காரணமும் அனுமதியும் இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம் என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்கும். ஜன்னல் வழியே ஒரு கால் வைத்ததுதான் நினைவு. பின்னாலிருந்து மண்டையில் ஓர் அடி. காலாலா அலகாலா தெரியாது. ரத்தம் காதுவரைக்கும் வந்தது. துடைப்பம் கூரையிலேயே கிடந்தது, ஜூலையில் இரண்டு குஞ்சும் பறந்துபோன பிறகுதான் போய் எடுத்தேன். பொரிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

2023 டிசம்பர் 3

மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டதால் சேர்த்துப் பதில்.

நாலு முட்டை இருக்காதா? மிக அரிது. ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. கலிபோர்னியாவுக்கு அப்பால் சாந்தா பார்பரா தீவில் மேற்குக் கடற்காகக் கூடுகள் சிலவற்றில் நாலு, ஐந்து, ஆறு முட்டை கிடந்தன. 1977இல் வந்த ஆய்வு ஒன்று அதன் காரணத்தைச் சொன்னது: அந்தக் கூடுகளில் ஆணே இல்லை. இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து, இருவரும் ஒரே கூட்டில் முட்டையிட்டு அடைகாத்திருக்கிறார்கள்.

சாகப்போகிற மூன்றாவதை எதற்கு இட வேண்டும்? முதல் இரண்டில் ஒன்று களவு போனால் அது பிழைக்கும். தீனி நிறைய இருக்கிற வருஷத்தில் மூன்றும் பிழைக்கும். கையிருப்பு மாதிரி.

"உங்களுக்கு அந்தக் குஞ்சின் மேல் மட்டும் ஏன் இவ்வளவு பாசம்?" நான் வீட்டில் மூன்றாவது பிள்ளை.

2023 டிசம்பர் 4

மூன்றாவது பிள்ளை என்று எழுதியதைப் படித்துவிட்டு அக்கா போன் எடுத்தார். "உனக்குத்தான் ஈரல் எல்லாம் வெச்சாங்க" என்றார். பதிவு செய்துகொள்கிறேன்.

2023 டிசம்பர் 17

அந்தச் சிவப்புப் பொட்டு. கடைக்குப் பாடசாலை ஒப்படைக்குப் படம் அச்செடுக்க வந்த ஒரு பிள்ளை "இது காயமா அண்ணா" என்று கேட்டதிலிருந்து எழுத நினைத்தது.

காயமில்லை, அழைப்பு மணி. குஞ்சு அந்தப் பொட்டைக் கொத்தினால்தான் பெரியது கக்கும். நிக்கோ டின்பெர்கன் என்ற டச்சுக்காரர் அட்டையில் கடற்காகத் தலை வெட்டி, பொட்டின் நிறத்தை மாற்றி மாற்றிக் குஞ்சுகளுக்குக் காட்டினார். சிவப்புக்குத்தான் கொத்து அதிகம் என்று எழுதினார். தலையே இல்லாமல், சிவப்புக் குச்சியில் மூன்று வெள்ளை வளையம் போட்டுக் காட்டியபோது குஞ்சுகள் உண்மையான தலையைவிட அதை அதிகமாகக் கொத்தின. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் லோரென்ஸ், ஃபான் ஃபிரிஷ் ஆகியோரோடு சேர்த்து நோபல் பரிசும் வாங்கினார்.

எங்கள் சமையலறையில் ஒரு சிவப்புப் பிடிக் கரண்டி இருந்தது. ஆசைப்பட்டு ஜன்னலில் நீட்டினேன். குஞ்சு கொத்தவில்லை. மேலே சொன்ன மண்டை அடிக்கு அடுத்த வாரம் என்பதால் தாய் என்னைக் கண்டதுமே கத்தி, குஞ்சு ஒளிந்துவிட்டது. அறிவியலுக்கு என் பங்களிப்பு அதோடு சரி.

2023 டிசம்பர் 20

திருத்தம். டின்பெர்கனைப் பற்றி நான் எழுதியது அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்று ஒரு வாசகர் சுட்டினார், சரிதான். முதல் அளவீட்டில் கறுப்புப் பொட்டுத்தான் அதிகக் கொத்து வாங்கியிருக்கிறது. சோதனை செய்த விதத்தில் சிவப்புக்கு அநியாயம் நடந்தது என்று நினைத்து அவர் ஒரு திருத்தக் கணக்குப் போட்டார். போகப் போக அந்தத் திருத்தம் மறைந்து, முடிவு மட்டும் நின்றுவிட்டது. 2009இல் டென் கேட் என்பவரும் குழுவினரும் சோதனையை ஒழுங்காகத் திரும்பச் செய்தபோது சிவப்பே ஜெயித்தது. ஆள் சொன்னது உண்மை, காட்டிய கணக்குத்தான் இடித்தது. தோட்டத்தில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் கொழுந்து நிறை எழுதுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதில்லை.

2024 ஜனவரி 21

மன்னார் போய் வந்தேன். மனைவியின் தங்கையை அங்கே கொடுத்திருக்கிறது. பேசாலையில் காலையில் வள்ளம் வரும் நேரம் போய் நின்றேன்.

இரண்டு கையளவு தூரத்தில் பழுப்புத்தலைக் கடற்காகம். பெயர்தான் பழுப்புத்தலை, ஜனவரியில் தலை வெள்ளை. காதிருக்க வேண்டிய இடத்தில் விரலால் கரி தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு மட்டும். கால் சிவப்பு, அலகு சிவப்பு, நுனி கறுப்பு. கண் வெளிறிப்போய் முறைக்கிற கண், கருந்தலைக் கடற்காகத்திலிருந்து இதைப் பிரித்தறிய அதுவே போதும். சிறகு நுனிக் கறுப்பில் வெள்ளைச் சன்னல். ஓர் அம்மா மீன் குடலை வீசினார், நாற்பது பறவை ஒரே குடலுக்கு இறங்கின. ஒன்று பிடித்தது, ஏழு துரத்தின, கடைசியில் விழுங்கியது நாய்.

மாமியார், அவர் பங்குக்கு ஒன்று சொன்னார்: "தோட்ட வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க மன்னார்ல இறங்கி மலைக்கு நடந்தாங்க. இது மலையிலேருந்து மன்னாருக்கு வருது. வழியில பார்த்திருக்கும்."

2024 ஜனவரி 22

அங்கே நின்றபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துக்குச் 'சிறுவெண்காக்கை' என்றொரு பறவை வருகிறது. அம்மூவனார் அதை வைத்துப் பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார், அந்தப் பத்துக்கே அதன் பெயர். கடற்காகமா ஆலாவா என்று புலவர்கள் சண்டை போடட்டும். 'வெள்ளைக் காக்கை' என்று பெயர் வைத்தவர் மீன் குடலுக்கு நடக்கும் சண்டையைக் கண்ணால் பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழுப்புத்தலைதான் அது என்றால், குறிஞ்சியைவிட உயரத்தில் பிறந்ததை இரண்டாயிரம் வருஷமாக நெய்தலில் எழுதி வைத்திருக்கிறோம்.

2024 பெப்ரவரி 11

இதுவரை எழுதியதையெல்லாம் திரும்ப வாசித்தேன். நவம்பரில் 'மேட்டுநில ஏரி' என்றேன், பிறகு 'தட்டைக் கூரை' என்றேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன்.

என் கணிப்பு இது. முட்டையிட இந்தக் கூட்டத்துக்கு வேண்டியது கடல் இல்லை. நரி வராத இடம். தரையில் முட்டையிடுகிறவனுக்கு அதுதான் முதல் கவலை. ஏரி நடுவே திட்டு என்றால் நரி நீந்த வேண்டும். கூரை என்றால் ஏற வேண்டும். வடக்குக் கடல்களில் கிட்டிவேக் என்றொரு கடற்காகம், செங்குத்துப் பாறையில் கையகல விளிம்பில் கூடு வைக்கிறது. அதன் குஞ்சு என் கூரைக் குஞ்சு மாதிரி ஓடி ஒளியாது, ஓடினால் கீழே கடல். அசையாமல் உட்கார்ந்தே வளரும். மற்றக் கடற்காகங்கள் பல, பொரிந்த ஓட்டின் உள்வெள்ளை காக்கைக்குக் காட்டிக்கொடுக்கும் என்று ஓட்டைத் தூக்கி வெளியே போடும். கிட்டிவேக் அதற்கும் மெனக்கெடுவதில்லை, அங்கே யார் வரப் போகிறார்கள்?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது சிலியின் சாம்பல் கடற்காகம். கரையெல்லாம் அந்தப் பறவை, கூடு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் 1943இல், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, அட்டகாமா பாலைவனத்தின் நடுவில் கண்டுபிடித்தார்கள். புல் பூண்டு கிடையாது, தண்ணீர் கிடையாது, அதனால் நரியும் கிடையாது. பகல் வெயிலில் முட்டை வெந்துவிடாமல் ஒன்று நின்று நிழல் கொடுக்கும். மற்றது கடலுக்குப் போய் இரை எடுத்துக்கொண்டு இருட்டிய பிறகு வந்து சேரும்.

2024 பெப்ரவரி 12

உடனே ஆள் வந்துவிட்டார்: "அப்படின்னா மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துல திட்டு இருக்கே, நரி நீந்தாதே, ஏன் இங்க முட்டையிடக் கூடாது?"

நல்ல கேள்வி, நான் மாட்டிக்கொண்டேன். முதலாவது, மவுஸ்ஸாகலைத் திட்டு நிரந்தரம் இல்லை. மழைக்கு மூழ்கும், வெயிலுக்குக் கரையோடு சேரும். தண்ணீர் நன்றாக வற்றிய ஒரு வருஷம் தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வரைக்கும் நான் செருப்புக் காலோடு நடந்து போயிருக்கிறேன், எனக்கு முன்னால் இரண்டு நாய் நடந்தது. இரண்டாவது, இந்தப் பறவையின் உடம்பு முட்டைக்குத் தயாராவது வடக்கே பகல் நீளும்போது. நம்ம ஊரில் பகல் வருஷம் முழுக்க ஒரு மணி நேரம்கூட ஏறி இறங்குவதில்லை. மூன்றாவதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டோடு நிறுத்துகிறேன்.

அப்புறம், இலங்கையில் எதுவுமே இப்படிச் செய்வதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னாருக்கு மேற்கே ராமர் அணை மணல்திட்டுகளில் ஆலா வகைகள் பல முட்டையிடுகின்றன. வெறும் மணலில் நெஞ்சால் ஒரு குழி, அவ்வளவுதான் வீடு. அங்கேயும் அதே கணக்கு: சுற்றிலும் கடல், நரி இல்லை.

2024 பெப்ரவரி 25

நரிக் கொள்கையில் ஓர் ஓட்டை. எல்லோரும் ஒரே திட்டில் நெருக்கியடித்து முட்டையிட்டால் நரிக்குத் தப்பலாம், நோய்க்குத் தப்ப முடியாது. 2005 மே மாதம் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் புகுந்து ஆறாயிரம் பறவைக்குக் குறையாமல் செத்தன. வரித்தலை வாத்து அதிகம், கூடவே நம்ம பழுப்புத்தலைக் கடற்காகமும். அந்தப் பக்கத்துப் பறவை நம்ம கரைக்கு வருகிறதா என்று எனக்குக் கேட்காதீர்கள், வந்தாலும் கையில் முகவரி கொண்டு வராது.

லயத்தில் ஒரு காம்பராவில் அம்மை வந்தால் பத்துக் காம்பராவுக்கும் வரும். அங்கே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2024 மார்ச் 31

மன்னார் அக்கா ஒருவர் பழுப்புத்தலைக் கடற்காகங்களின் படம் அனுப்பியிருக்கிறார். பார்த்ததும் சிரிப்பு வந்தது. பாதி டை அடித்துவிட்டுத் தண்ணீர் நின்றுபோனவர் மாதிரி, நெற்றி வெள்ளை, பின்னந்தலை பழுப்பு. பக்கத்தில் இன்னொன்றுக்கு முழுத்தலையும் காப்பிக்கொட்டை நிறம், கழுத்தோரம் கறுத்த கரை கட்டி. கல்யாணச் சட்டை போட்டாயிற்று, வண்டி ஏற வேண்டியதுதான்.

2024 ஏப்ரல் 21

"அங்கே ஒண்ணும் இல்லை இப்ப." மன்னார் அக்காவின் செய்தி, அவ்வளவுதான்.

2024 ஜூன் 16

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். காசல்ரீயில் வெள்ளைப் பறவை எதுவும் இல்லையாம், மழை விடாமல் அடிக்கிறதாம். சித்தப்பா இப்போது எல்லோரிடமும் "அது ஆலா, நான் அப்பவே சொன்னேன்" என்கிறாராம். சொல்லட்டும்.

இன்னொன்று. அந்தத் தென்கரை ஊரில் என்னோடு வேலை செய்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இந்த இழையைப் பற்றிச் சொன்னதில் நேற்று ஒரு படம் அனுப்பினார். அந்தத் தட்டைக் கூரையில் இப்போது பறவை உட்காராமலிருக்க ஊசிக்கம்பி அடித்திருக்கிறார்கள். கூடு ஒரு முழம் தள்ளி, புகைபோக்கி அடியில், கம்பி அடிக்க மறந்த மூலையில். அதில் இரண்டு குஞ்சு நிற்கிறது. மூன்றாவது எங்கே என்று கேட்டு எழுதினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார் என்று பதில் வந்தது. பெரிதாக்கினேன். தாயின் வயிற்றுக்குக் கீழே, தலை மட்டும் தெரிந்தது.